ஓரிகாமி சிமுலேட்டர்: சிவப்பு தெரியவில்லை என்பதற்காக மடியும் என்று நம்பிவிடாதீர்கள்

மடிப்பு வரைபடம் ஒன்றைக் கொடுத்தால் திரையிலேயே மடித்துக் காட்டும் நிரல்கள் சில இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர் முதலில் திறக்க வேண்டியது ஓரிகாமி சிமுலேட்டர். காசு கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, நிறுவவும் வேண்டாம். பிரவுசரில் முகவரியைத் தட்டினால் போதும். எழுதியவர் அமாண்டா கசாய். எம்ஐடியின் எரிக் டிமெய்ன், நீல் கெர்ஷன்ஃபெல்ட் இருவருடன் சேர்ந்து இதன் கணக்கு முறையை 2018இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஓரிகாமி அறிவியல் மாநாட்டில் முன்வைத்தார். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

ஓரிகாமி என்றதும் கொக்கும் படகும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கருவி அதிகம் பயன்படுவது விரிந்து சுருங்கும் அமைப்புகளை வடிவமைப்பவர்களுக்கு: மடக்குக் கூரை, விளக்கு மூடி, அட்டைப்பெட்டி, சூரியத் தகடு. கொரியோ மியூரா கண்டுபிடித்த, இணைகரக் கட்டங்களால் ஆன மியூரா மடிப்பு 1995இல் ஜப்பானின் ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட் என்ற விண்கலத்தில் ஏறி, மடித்த தகட்டை விண்வெளியில் விரித்துக் காட்டியது. அந்த மாதிரி வேலையின் முதல் அரைமணி நேரத்துக்கான கருவி இது. முதல் அரைமணிக்கு மட்டும்தான் என்பதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

உள்ளே நடப்பது

நிரல் காகிதத்தைக் காகிதமாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கோடும் ஒரு ஸ்பிரிங் கம்பி. நீட்டினாலும் சுருக்கினாலும் எதிர்க்கும். மடிப்புக் கோடாக இருந்தால் கூடவே ஒரு முறுக்கு ஸ்பிரிங்கும் உண்டு. நாம் குறித்த கோணத்துக்குப் போகச் சொல்லி அது இரண்டு பக்கத்து முகங்களையும் தள்ளும். நாலு பக்கமோ அதற்கு மேலோ உள்ள முகங்களை நிரல் தானாகவே முக்கோணங்களாக வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுக்கோட்டிலும் ஒரு முறுக்கு ஸ்பிரிங் இருக்கும். அதற்கு உரிய கோணம் பூஜ்யம், அதாவது 'தட்டையாகவே இரு'. ஒவ்வொரு முனையின் மீதும் விழும் விசைகளைக் கூட்டி, அதைச் சிறிது நகர்த்தி, மறுபடி கூட்டும். எல்லா முனைக்கும் இந்தக் கணக்கை ஒரே நேரத்தில் கிராஃபிக்ஸ் கார்டு போட்டுவிடுவதால், மடிப்பை 0இலிருந்து 100 சதவீதம் வரை கொண்டுபோகும் ஸ்லைடரை இழுக்கும் வேகத்துக்கு உருவம் மடிகிறது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கருவியைப் பயன்படுத்துவதில் பெரிய ஆபத்து இருக்கிறது. மடிய முடியாத வரைபடத்தைக் கொடுத்தாலும் இந்த நிரல் 'முடியாது' என்று நிற்காது. கம்பியைக் கொஞ்சம் நீட்டும், முகத்தைக் கொஞ்சம் வளைக்கும், எப்படியாவது மடித்துக் காட்டிவிடும். அது எங்கே விட்டுக்கொடுத்தது என்று தேடிக் கண்டுபிடிப்பது நம் வேலை.

வரைபடம் ஏற்றுவது

எஸ்விஜி (கோட்டுப் படக் கோப்பு) அல்லது ஃபோல்டு (ஓரிகாமிக்கென்றே உள்ள கோப்பு) வகையை ஏற்றும். பெரும்பாலோர் இங்க்ஸ்கேப் என்ற வரைபட நிரலில் வரைந்து எஸ்விஜியாகக் கொடுப்பார்கள். கோட்டின் நிறம்தான் மொழி: சிவப்பு மலை மடிப்பு (கோடு மேடாக எழும்), நீலம் பள்ள மடிப்பு (கோடு உள்ளே இறங்கும்), கறுப்பு காகிதத்தின் ஓரம், பச்சை வெட்டு, மஞ்சள் என்றால் முக்கோணமாக்க நாமே போடும் கோடு, மெஜந்தா என்றால் எந்தப் பக்கமும் தள்ளாமல் சும்மா கீல் போல விடப்படும் மடிப்பு.

நிறம் 'கிட்டத்தட்ட சிவப்பு' என்றால் செல்லாது. சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்று துல்லியமாக இருக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் அச்சுக்கான நாலு நிற முறையில் கோப்பைத் திறந்து வரைந்தால் அதன் சிவப்பு ஏற்றுமதியில் 237, 28, 36 ஆகிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; சிமுலேட்டர் அந்தக் கோடுகளை மொத்தமாக ஒதுக்கிவிடும். ஏற்றும்போது அறியாத நிறங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் மூடிவிட்டு 'பாதி மடிப்பைக் காணோம்' என்று தேடுவது வழக்கமான கதை. தொடங்கும்போதே கோப்பை ஆர்ஜிபி முறைக்கு மாற்றிவிடுங்கள்.

மடிப்புக் கோணம் எவ்வளவு என்பதைக் கோட்டின் ஒளிபுகாமை சொல்கிறது. முழு ஒளிபுகாமை என்றால் 180 டிகிரி, அதாவது முழுவதும் படிந்த மடிப்பு. பாதி என்றால் 90. ஆறு சதுரங்களை விரித்து வைத்த கனசதுரப் பெட்டிக்கு அதன் ஐந்து மடிப்புகளுக்கும் 0.5 கொடுத்தால் பெட்டி சரியாக மூடும். நான்முகிக்குக் கணக்குப் போட வேண்டும்: முகங்களுக்கு இடையே உள்ள கோணம் 70.53, ஆகவே மடிய வேண்டியது 109.47 டிகிரி, 180ஆல் வகுத்தால் 0.608. இரண்டு தசம இடத்தோடு நிறுத்தினால் ஓரங்கள் இலேசாகச் சேராமல் நிற்கும். பார்வைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை.

மியூரா வரைபவர்கள் தவறும் இடம் ஒன்று. கிடைக்கோடுகள் நேராக ஓடுவதால் ஒரே இழுப்பில் சிவப்பாக வரைந்துவிடுகிறார்கள். மியூராவில் வளைந்து வளைந்து போகும் கோடுதான் முழுநீளத்துக்கும் ஒரே வகை. ஒன்று மலை என்றால் அடுத்தது பள்ளம். நேர்க்கோடு ஒவ்வொரு சந்திப்பிலும் மலை, பள்ளம் என்று மாறும். அடுத்த வரிசையின் நேர்க்கோட்டில் அதே மாற்றம் தலைகீழாக வரும். ஆகவே நேர்க்கோட்டை ஒவ்வொரு சந்திப்பிலும் துண்டாக்கி நிறம் கொடுக்க வேண்டும். எந்தச் சந்திப்பை எடுத்துப் பார்த்தாலும் நாலு கோட்டில் மூன்று ஒரு வகை, ஒன்று மற்ற வகை என்று இருக்க வேண்டும். இது மாயேகாவாவின் விதி: தட்டையாகப் படியும் முனையில் மலைக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் எப்போதும் 2. இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் என்று எங்காவது தெரிந்தால் ஏற்றுவதற்கு முன்பே திருத்திவிடலாம்.

கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களை நிரலே கண்டுபிடித்து முனையாக்கிக்கொள்ளும். ஆனால் மூன்று நாலு கோடுகள் ஒரே புள்ளியில் சேர வேண்டிய இடத்தில் அவை முடி அளவு தள்ளி முடிந்திருந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று முனைகள் உண்டாகும். அவற்றுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத நுண்கோடுகளும் பிறக்கும். ஏற்றும்போது அருகருகே உள்ள முனைகளை ஒன்றாக்கும் எல்லை ஒன்றைக் கேட்கும். அதைச் சிறிது கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். ரொம்பக் கூட்டினால் சின்ன சதுரங்களே காணாமல் போகும். கடைசி வழி இங்க்ஸ்கேப்பிலேயே முனை ஒட்டுதலை இயக்கி மறுபடி வரைவது.

அந்த நுண்கோடுகளால் வரும் இன்னொரு தொல்லை வேகம். கம்பியின் விறைப்பை அதன் நீளத்தால் வகுத்துத்தான் நிரல் எடுத்துக்கொள்கிறது. குட்டிக் கம்பி என்றால் பயங்கர விறைப்பு. எந்தக் கம்பி மிக விறைப்பானதோ அதற்குத் தகுந்த மாதிரிதான் மொத்தக் கணக்கின் நேர அடியும் (ஒரு தடவை நகர்த்தும் சிறு நேரத் துண்டு) அமையும். அரை மில்லிமீட்டர்க் கோடு ஒன்று எங்கோ மூலையில் ஒளிந்திருந்தால், நூறு முகங்கள் உள்ள உருவம் முழுவதும் ஆமை வேகத்தில் நகரும். 'என் லேப்டாப் பழசு' என்று முடிவுகட்டுவதற்கு முன் வரைபடத்தைப் பெரிதாக்கி மூலைகளைப் பாருங்கள்.

திரிபு நிறமும், அது மறைப்பதும்

இந்தக் கருவியின் மிகப் பெரிய பலம் திரிபை, அதாவது கோடுகள் தம் நீளத்திலிருந்து எவ்வளவு மாறின என்பதை, காட்டும் காட்சி. பொருளின் நிறத்தைத் திரிபுக்கு மாற்றினால், நீளம் மாறாத இடங்கள் நீலமாகவும், இழுபட்ட அல்லது நசுங்கிய இடங்கள் படிப்படியாகச் சிவப்பாகவும் தெரியும். சராசரித் திரிபு ஒரு சதவீத எண்ணாகவும் வரும். எத்தனை சதவீதத்தில் முழுச் சிவப்பு என்பதை நாமே வைக்கலாம். அதை 1க்குக் குறைத்து வைப்பது நல்லது. சாதாரணக் காகிதம் சில சதவீதம் நீண்டாலே கிழிந்துவிடும்.  எல்லையைத் தளர்வாக வைத்திருந்தால் நிஜத்தில் கிழியும் இடமும் அமைதியான நீலமாகவே தெரியும்.

ஸ்லைடரை 100க்குத் தள்ளிவிட்டு நிறம் பார்ப்பது போதாது. தட்டையாகப் படியும் வரைபடம் என்றால் 0இலும் 100இலும் திரிபு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கவாசாகி விதிப்படி முனையைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் 180 வரும். அது சரியாக இருந்தாலே 0, 100 இரண்டிலும் நீலம்தான். உதாரணமாக 90, 60, 90, 120 என்ற வரிசையில் 90ஐயும் 90ஐயும் கூட்டினாலும் 60ஐயும் 120ஐயும் கூட்டினாலும் 180. இதில் ஒரு கோடு இரண்டு டிகிரி திரும்பியிருந்தால் 100இல் அந்த முனையைச் சுற்றி உடனே நிறம் மாறும். அந்த வகைத் தவறைப் பிடிக்க இந்தக் காட்சி அருமை. ஆனால் நடுவழியில், 30இலும் 60இலும், என்ன நடக்கிறது என்பதுதான் விரிந்து சுருங்கும் அமைப்புக்கு முக்கியம். ஸ்லைடரை மெதுவாக இழுத்து நடுவே உச்சம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இதுவரை உள்ளதைக் கருவியின் உதவிக் குறிப்புகளைப் படித்தாலே ஊகித்துவிடலாம். பலர் தவறவிடுவது இனிமேல் வருவது. திரிபு நிறம் கம்பிகளின் நீட்சியை மட்டும்தான் காட்டுகிறது. முகம் வளைவதைக் காட்டுவதில்லை.

சதுர முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி நாலு மூலையிலிருந்தும் இரட்டைக் கோடுகள் ஓரத்துக்குப் போகும். தள்ளினால் நடுச்சதுரம் சுழன்று படியும். அதன் சில மலை-பள்ள அமைப்புகள் முகம் வளையாமலே மடியும். நடுச்சதுரத்தின் நாலு பக்கமும் ஒரே வகையாக உள்ள பிரபலமான அமைப்பு அப்படி இல்லை: முகங்கள் எல்லாம் இரும்புத் தகடு என்று வைத்துக்கொண்டால் அது தொடங்கிய இடத்திலிருந்து அசையவே அசையாது. காகிதத்தில் மடிகிறதே என்றால், முகங்கள் மூலைவிட்டத்தில் இலேசாக வளைந்து கொடுப்பதால். அந்த வளைவால்தான் அது பாதி வழியில் திமிறிப் பிறகு 'டக்'கென்று விழுகிறது.

இதை சிமுலேட்டரில் ஏற்றினால் அருமையாக மடியும். திரிபு நிறமும் பெரிதாகக் குறை சொல்லாது. ஏனென்றால் நாற்கர முகங்களை நிரல் முக்கோணமாக வெட்டியபோது அந்த மூலைவிட்டங்களை மடிப்பாக ஆக்கிவிட்டது. வளைய வேண்டியது அங்கே வளைந்துவிட்டது. இதை நம்பி 6 மி.மீ. பிளைவுட்டில் கீல் வைத்துச் செய்தால் முதல் கீலிலேயே பிய்த்துக்கொள்ளும்.

தப்பிக்க இரண்டு வேலை செய்யுங்கள். முதலில், பொருளின் நிறத்தை முகத்தின் திசைக்கு மாற்றுங்கள். தட்டையான நாற்கரத்தின் இரண்டு பாதியும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். மூலைவிட்டத்துக்கு இருபுறமும் இரண்டு நிறம் தெரிந்தால் அந்த முகம் வளைகிறது. மூலைவிட்டக் கோடுகளைக் காட்டும் தேர்வையும் இயக்கிக்கொண்டால் எந்த முகம் எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும். இரண்டாவதாக, முகத்தின் வளைவு விறைப்பைப் பல மடங்கு உயர்த்துங்கள். ஆரம்பத்தில் அதுவும் மடிப்பின் விறைப்பும் ஒரே அளவில் இருக்கும். அதாவது நாம் கிரீசிங் (மடிவதற்கான அழுத்தக் கோடு) போட்ட கோடும் போடாத முகமும் ஒரே எதிர்ப்பு காட்டும் என்ற கணக்கு. நிஜ அட்டையில் அப்படி இல்லை. மடிப்பு விறைப்பைக் குறைத்து, முக விறைப்பையும் கம்பி விறைப்பையும் உயர்த்திய பிறகும் உருவம் இலகுவாகக் கடைசிவரை போனால், அப்போது தகட்டில் செய்வதைப் பற்றி யோசிக்கலாம். மியூரா இந்தச் சோதனையில் தேறும். சதுர முறுக்கு அடம் பிடிக்கும், அல்லது திடீரென்று சிவக்கும். கம்பி விறைப்பை உயர்த்த உயர்த்த வேகம் குறையும் என்பதால் கடைசிச் சோதனைக்கு மட்டும் இதைச் செய்வது நல்லது.

இன்னொரு சாட்சி, உதாரணப் பட்டியலிலேயே இருக்கும் சதுர ஹைப்பர். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள், மலை, பள்ளம் என்று மாறி மாறி, கூடவே மூலைவிட்டங்கள். மடித்தால் குதிரைச் சேணம் போல வளைந்த அழகான வடிவம். உலகெங்கும் டிசைன் வகுப்புகளில் மடிக்கப்படுவது. ஆனால் அந்தக் கோடுகளை மட்டும் வைத்து, வேறு எங்கும் மடியாமல், காகிதம் நீளாமல் இந்த வடிவம் இருக்கவே முடியாது என்று எரிக் டிமெய்ன், தொமொஹிரோ தாச்சி முதலியோர் நிரூபித்துவிட்டார்கள். சரியான இடங்களில் கூடுதல் மடிப்புக் கோடுகள் இருந்தால்தான் அது சாத்தியம். கையில் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்கிறது. திரையில் முக்கோணக் கோடுகள் எடுத்துக்கொள்கின்றன. வெட்டுக்கோடுகள் எந்தத் திசையில் போகின்றன என்பதைப் பொறுத்து முடிவு மாறும் என்பதால், இந்த மாதிரி வடிவங்களுக்கு நிரலின் போக்கில் விடாமல் மஞ்சள் கோடுகளை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வளைகோட்டு மடிப்புகளுக்கும் இதுவே. வளைகோட்டை நேர்த்துண்டுகளாக உடைத்து, காகிதம் எந்தக் கோட்டு வழியே உருளுமோ அந்த வழியில் மஞ்சள் போடாவிட்டால் திரையில் வருவது கசங்கிய காகிதம்.

தவறான பக்கம் விழும் மடிப்பு

தட்டைக் காகிதத்திலிருந்து தொடங்கும்போது ஒவ்வொரு முனைக்கும் மேலே எழுவதா கீழே போவதா என்ற தடுமாற்றம் உண்டு. ஸ்லைடரை ஒரே தள்ளாகத் தள்ளினால் சில முனைகள் தப்பான பக்கம் விழுந்து, அங்கேயே சிக்கிக்கொண்டு, சுற்றிலும் சிவப்பைப் பரப்பும். வரைபடம் சரியாக இருந்தாலும் இது நடக்கும். வாட்டர்பாம் என்ற மடிப்பின் கட்டங்களை அடுக்கிய வரைபடங்களில் இது சகஜம். மறுதொடக்கப் பொத்தானை அழுத்திவிட்டு 5, 10 என்று மெதுவாக ஏற்றுங்கள். அப்படியும் சிக்கினால் முனையைப் பிடித்து இழுக்கும் வசதியை இயக்கி, எழ வேண்டிய முனையை மவுஸால் மேலே தூக்கிவிடலாம். டாம்பிங்கை (அசைவைத் தணிக்கும் அளவு) கொஞ்சம் கூட்டினால் துள்ளல் அடங்கும். இதையெல்லாம் செய்தும் அதே முனை அதே பக்கம் விழுந்தால், அந்த முனையின் மலை-பள்ளக் குறியீட்டைச் சந்தேகப்படுங்கள்.

சொல்லாமல் விடுபவை

காகிதம் காகிதத்தை ஊடுருவிப் போவதை இது தடுப்பதில்லை. இரண்டு மடல்கள் ஒன்றையொன்று கடந்து போனால் சிமுலேட்டர் கண்டுகொள்ளாது. ஆகவே தட்டையாகப் படியும் வடிவத்தில் எந்த அடுக்கு எதன் மேல் என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைக்காது. அதற்கு ஓரியெடிட்டா. ஜாவாவில் ஓடும் இலவச நிரல், ஜப்பானிய ஓரிஹிமேயின் வழிவந்தது. விதி மீறிய முனைகளை வரையும்போதே வட்டம் போட்டுக் காட்டும். அடுக்கு வரிசையையும் கணக்கிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருந்தால் அவற்றையும் தேடும். பெரிய வரைபடத்துக்கு நேரம் பிடிக்கும், அது நிரலின் குறை இல்லை. அடுக்குப் பிரச்சினையே கணக்கில் கடினமானது என்று 1996இல் பெர்ன், ஹேய்ஸ் இருவரும் காட்டிவிட்டார்கள். சுகுபா பல்கலைக்கழகத்தின் ஜுன் மிதானி எழுதிய ஓரிபாவும் இந்த வேலை செய்யும். எளிமையானது, சின்ன வரைபடங்களுக்குப் போதும்.

வரைபடத்தை உருவாக்கித் தருவதும் சிமுலேட்டரின் வேலை இல்லை. கால், கொம்பு, வால் என்று குச்சிப் படம் கொடுத்தால் வட்டங்களை அடுக்கி மடிப்பு வரைபடம் தருவது ராபர்ட் லாங்கின் ட்ரீமேக்கர். கோட்பாட்டைக் கற்க இன்றும் அதைவிட நல்ல ஆசான் இல்லை. நிரல் மட்டும் பழையது, புதிய கணினிகளில் ஓட வைப்பதற்குப் பொறுமை வேண்டும். கட்டத்தாளில் வடிவமைப்பவர்களுக்கு, தைவானின் மு-சுன் சாய் எழுதிய பாக்ஸ் ப்ளீட்டிங் ஸ்டுடியோ பிரவுசரிலேயே ஓடுகிறது, போனிலும் கூட. முப்பரிமாண முக வலையைக் கொடுத்தால் ஒரே தாளில் மடிக்கும் வழி சொல்வது தாச்சியின் ஓரிகமைசர். அவருடையதே ஃப்ரீஃபார்ம் ஓரிகாமி, தட்டையாக விரிய வேண்டும் என்ற நிபந்தனையைக் காப்பாற்றிக்கொண்டே முனைகளை இழுத்து மியூராவை வளைந்த கூரையாக மாற்றத் தரும். இரண்டும் விண்டோஸில் ஓடுபவை. கூரை வேலைக்கு வருபவர்கள் ஃப்ரீஃபார்ம் ஓரிகாமியைத் தவறவிடக் கூடாது. ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு நிரல் வைத்திருப்பவர்கள் அதன் கிராஸ்ஹாப்பரில் கிரேன் என்ற செருகுநிரலைப் பார்க்கலாம், ரைனோவுக்குத்தான் காசு. விசை எவ்வளவு, எங்கே 'டக்'கென்று தாவும் என்று எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால் மேட்லாப் என்ற கணக்கீட்டு நிரலில் ஓடும் மெர்லின். சிமுலேட்டரின் விறைப்பு எண்களுக்கு அலகு கிடையாது. அவற்றை நியூட்டனாக நினைத்து அறிக்கையில் எழுதுபவர்களைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது.

தடிப்பு என்பதே இந்த நிரலின் உலகத்தில் இல்லை. காகிதத்தில் அது பிரச்சினையில்லை. 5 மி.மீ. ஃபோம் போர்டில் மியூரா முனை ஒன்றை மடித்துப் பாருங்கள்: நாலு தகடு ஒரு புள்ளியில் சேரும்போது உள்ளே மாட்டிக்கொண்ட தகடுகளுக்கு இடம் இருக்காது, 100க்கு வெகு முன்பே நின்றுவிடும். மலை மடிப்புக்குக் கீல் ஒரு பக்கத்திலும் பள்ளத்துக்கு மறுபக்கத்திலும் வைப்பது, ஓரங்களைச் சரிவாகச் சீவுவது, தகடுகளை வெவ்வேறு உயரத்தில் தள்ளிப் பொருத்துவது, மடிப்பில் இடைவெளி விட்டுத் துணியோ படலமோ ஒட்டுவது என்று வழிகள் உண்டு. எதையும் சிமுலேட்டர் கணக்கில் எடுக்காது. பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் நாசாவின் ஜேபிஎல்லும் ராபர்ட் லாங்கும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட சூரியத் தகடு வடிவமைப்பில், விரிந்தால் 25 மீட்டர் விட்டமுள்ளது மடிந்தால் 2.7 மீட்டர். அந்தக் கட்டுரை முழுக்கத் தடிப்பைச் சமாளிப்பது பற்றியதுதான்.

குழாய் வடிவங்களையும் எஸ்விஜி வழியே கொண்டுவர முடியாது. தட்டைத் தாளின் இரண்டு ஓரத்தை 'ஒட்டு' என்று சொல்ல நிறம் எதுவும் இல்லை. ஆகவே கிரெஸ்லிங் குழாயை (முறுக்கினால் சுருங்கும் மடிப்புக் குழாய்) இதில் சோதிக்க வந்தவர் பாதி ஏமாற்றத்தோடு போவார்.

திரையிலிருந்து அட்டைக்கு

ஏற்றிய அதே எஸ்விஜி லேசர் மெஷினுக்கும் போகும் என்பது பெரிய சௌகரியம். லேசர் மென்பொருள்கள் நிறத்தை வைத்துத்தான் அடுக்குப் பிரிக்கின்றன; கறுப்புக்கு வெட்டு, சிவப்புக்கும் நீலத்துக்கும் கீறல் அல்லது புள்ளி வெட்டு என்று சக்தி வைத்துவிடலாம். அனுப்பும் முன் மஞ்சள் கோடுகள் அத்தனையும் நீக்குங்கள். ஒன்று மிச்சமிருந்தாலும் நடு முகத்தில் கோடு விழும். மெஜந்தாவை மடிப்பாகத்தான் வெட்ட வேண்டும், நீக்கிவிடாதீர்கள். பாதி ஒளிபுகாமைக்கு மெஷினிடம் பொருள் இல்லை, அது முழுக் கோடாகவே வெட்டும்.

200 முதல் 250 ஜிஎஸ்எம் ஐவரி போர்டில் 2 மி.மீ. வெட்டு, 1 மி.மீ. விடுப்பு என்ற புள்ளி வெட்டு நன்றாக மடியும். கோடுகளைச் சந்திப்புப் புள்ளிவரை கொண்டுபோகாமல் 1 மி.மீ. முன்பே நிறுத்தி, புள்ளியில் 1.5 முதல் 2 மி.மீ. விட்டமுள்ள துளை போடுங்கள். பல மடிப்புகள் சேரும் இடத்தில்தான் காகிதம் முதலில் கிழியும்; துளை இருந்தால் அந்தக் கிழிசல் தொடங்க இடம் கிடைக்காது. ஆனால் துளை போட்ட கோப்பை மறுபடி சிமுலேட்டரில் ஏற்றாதீர்கள். வட்டங்களும் அறுந்த கோடுகளும் வரைபடத்தைக் குலைத்துவிடும். மடிப்புக்கு ஒரு கோப்பு, வெட்டுக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாகவே வைத்திருக்க வேண்டும். ஒற்றைப் பக்கக் கீறல் போடுபவர்கள் மலைக்கும் பள்ளத்துக்கும் தாளைத் திருப்ப வேண்டியிருக்கும். திருப்பும்போது வரைபடத்தையும் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்ட மறந்தால் அந்தத் தாள் வீண்.

பாதி மடிந்த நிலையிலேயே உருவத்தை எஸ்டிஎல், ஓபிஜே, ஃபோல்டு வகைகளில் சேமிக்கலாம். ரெண்டரிங்குக்கும் ஜூரிக்குக் காட்டும் படத்துக்கும் நல்லது. ஆனால் உள்ளே ஏற்றியபோதே உருவம் நிரலின் சொந்த அளவுக்குச் சுருக்கப்பட்டுவிடுவதால், வெளியே வரும் கோப்பில் மில்லிமீட்டர்க் கணக்கு பிழைத்திருக்காது. கேட்-இல் திறந்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஓரத்தை அளந்து, அந்த விகிதத்தில் பெரிதாக்குங்கள். அந்த ஓரம் திரிபு நீலமாக உள்ள இடத்தில் இருக்கட்டும். இழுபட்ட ஓரத்தை அளந்தால் மொத்த மாதிரியும் அந்த அளவுக்குத் தப்பாகும்.

கிராஃபிக்ஸ் கார்டைக் கணக்குப் போட வைக்கும் நிரல் என்பதால் பழைய போன்களிலும், வன்பொருள் முடுக்கத்தை அணைத்து வைத்திருக்கும் கல்லூரி லேப் கணினிகளிலும் திறக்காமல் போகலாம், அல்லது திறந்து அசையாமல் நிற்கலாம். வகுப்பு நடத்துபவர்கள் முந்தைய நாளே பிரவுசர் அமைப்பில் அந்த முடுக்கத்தை இயக்கி, உதாரணப் பட்டியலிலிருந்து மியூராவை ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை மடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.